நாக்கின் இரண்டு வேலை

சாப்பாட்டுத் திருவிழாவில் வாசிக்கப்படும் இசையைப் பற்றி விமர்சனம் எழுதுவது வீண் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. சாப்பிடுகிறவன் கேட்பதில்லை என்பது அவர்கள் கட்சி. அரங்கின் மௌனத்தில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பவனே ரசிகன் என்ற நம்பிக்கை இதற்கு அடியில் கிடக்கிறது. எனக்கு இது சம்மதமில்லை. அமெரிக்காவில், லூயிசியானா மாநிலத்துச் சிற்றூரான ப்ரோ பிரிட்ஜை முன்வைத்து என் மறுப்பைச் சொல்கிறேன்.

எட்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். 1959-ல் மாநிலச் சட்டசபை அதை உலகின் கிராஃபிஷ் தலைநகர் என்று அறிவித்தது. கிராஃபிஷ் என்பது சேற்று நீரில் வாழும், இறாலைப் போன்ற பிராணி. 1960-ல் தொடங்கிய விழாவில் அதை மிளகாய்க் காரத்தோடு வேகவைத்து, கையால் ஓடுடைத்துத் தின்கிறார்கள். பக்கத்திலேயே மேடை. அதில் கேஜன்களின் அக்கார்டியனும் பிடிலும்; கறுப்பினக் கிரியோல் மக்களின் ஸைடகோ.

ஸைடகோவின் தாளக்கருவி துணி துவைக்கும் நெளிதகட்டிலிருந்து வந்தது. கவசம்போல மார்பில் மாட்டிக்கொண்டு கரண்டியாலோ பாட்டில் ஓப்பனராலோ சுரண்டுகிறார்கள். ஸைடகோ என்ற பெயரே பயற்றங்காயைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் மரூஉ என்பார்கள். காயில் உப்பில்லை என்றால், பானையில் போட உப்புக்கண்டம் இல்லாத வறுமை என்று அர்த்தம். வீட்டுச் சாமான்களை ஒதுக்கிவிட்டு ஆடிய இரவுகளில், அடுப்பங்கரைக்கு அடுத்த அறையில் வளர்ந்த இசை இது. இதை விருந்துக்குத் தொட்டுக்கொள்ள வந்தது என்று சொல்வது அறியாமை.

1974-ல் லாஃபயெட் நகரில் கேஜன் இசைக்கு அஞ்சலியாக ஒரு பெரிய கச்சேரி நடந்தது. ஆடமுடியாதபடி, உட்கார்ந்து கேட்பதாகவே வேண்டுமென்று அமைத்தார்கள். நோக்கம் புரிகிறது. சொந்த ஜனங்களே மட்டமாக நினைத்த இசைக்கு மரியாதை தேடவேண்டியிருந்தது. ஆனால் இந்த இசையில் அழுத்தம் எங்கே விழவேண்டும் என்று அக்கார்டியன்காரனுக்குச் சொல்லித் தருவது எதிரே ஆடுகிற கால்தான். அந்தக் கால் நின்றுவிட்டால் மிஞ்சுவது மரியாதை மட்டுமே. அரங்கம் செய்யமுடியாததை விழா செய்கிறது.

இருந்தும் விழாவை முழுக்க மெச்ச என்னால் முடியவில்லை. 1921-ல் அம்மாநில அரசியல் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தை மட்டுமே அனுமதித்தது. பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். மொழியைக் காக்க 1968-ல் அரசே ஒரு மன்றம் அமைத்தபோது ஒரு தலைமுறை தன் பிள்ளைகளோடு ஆங்கிலம் பேசப் பழகிவிட்டிருந்தது. இன்று மேடையில் பாட்டு பிரெஞ்சு. கீழே பேச்சு ஆங்கிலம். பிரிவையும் தனிமையையும் பாடுகிற வால்ட்ஸுக்கு ஜனங்கள் சிரித்துக்கொண்டே சுழல்கிறார்கள்.

நாக்குக்கு ருசி, பேச்சு என்று இரண்டு வேலை. ருசியைத் திருவிழா காப்பாற்றும். தட்டு இவ்வளவு என்று விற்கவும் செய்யும். பேச்சை அதனால் காப்பாற்ற முடியாது. அதற்கு வருஷம் முழுவதும் வீடு வேண்டும், சந்தை வேண்டும், சண்டை வேண்டும்.

சொல் விளங்காமல் ஆடுபவனை நான் குறை சொல்லமாட்டேன். அவன் பாட்டி வகுப்பறையில் வாங்கிய அடி அவன் காதில் விழுந்திருக்கிறது. தின்பவர்களின் சத்தத்தை மீறி ஒரு பாட்டு பிழைத்துக்கொள்ளும். பாட்டின் மொழியில் உப்புக் கேட்க ஆளில்லாமல் போனால், எந்த மேடையும் அதற்குப் போதாது.