மேரி கிங்ஸ்லியின் 'மேற்கு ஆப்பிரிக்கப் பயணங்கள்': ஒரு மதிப்பீடு

'மேற்கு ஆப்பிரிக்கப் பயணங்கள்' என்பது ஆங்கிலேயப் பெண்மணி மேரி கிங்ஸ்லி (1862–1900) எழுதிய பயண நூல். 1897ஆம் ஆண்டு லண்டனில் மேக்மில்லன் பதிப்பகம் இதனை வெளியிட்டது. 1893க்கும் 1895க்கும் இடையே அவர் மேற்கொண்ட இரு பயணங்களின் பதிவு இது. விக்டோரியா காலத்துப் பெண் ஒருவர் ஆப்பிரிக்கக் காடுகளில் தனியே பயணம் செய்தார் என்ற வியப்புக்காகவே இந்நூல் பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆனால் நூலைப் படித்தால் 'தனியே' என்ற சொல்தான் முதலில் உறுத்துகிறது. பெரும்பாலான பக்கங்களில் அவர் தனியாக இல்லை. துடுப்புப் போடுபவர்கள், சுமை தூக்குபவர்கள், மொழிபெயர்ப்பவர் என யாரேனும் உடன் இருந்துகொண்டே இருக்கிறார்கள்.

பின்னணி

தந்தை ஜார்ஜ் கிங்ஸ்லி மருத்துவர். செல்வந்தர்களுடன் உலகம் சுற்றியவர். தாய் நோயாளி. மேரி பள்ளிக்கு அனுப்பப்படவில்லை. தம்பி கேம்பிரிட்ஜில் படித்தார். தந்தையின் நூலகமே மேரிக்குப் பள்ளி. 1892இல் சில வார இடைவெளியில் பெற்றோர் இருவரும் இறந்தபோது அவருக்கு வயது 29. அதுவரை வீட்டைப் பார்த்துக்கொள்வதும் தாய்க்குப் பணிவிடை செய்வதுமே அவருடைய வாழ்க்கையாக இருந்தது. தந்தை தொடங்கி முடிக்காமல் விட்ட சமய ஆய்வுக்குத் தகவல் திரட்டவும், பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு மீன்களைச் சேகரிக்கவும் அவர் கப்பலேறினார்.

வியாபாரியாகப் போனவர்

கிங்ஸ்லியின் பெரிய சாமர்த்தியம் அவர் தேர்ந்தெடுத்த வேடம். துணி, புகையிலை, தூண்டில் முள் ஆகியவற்றை எடுத்துச் சென்று, ரப்பரும் தந்தமும் பண்டமாற்றாக வாங்கும் வியாபாரியாக ஊர்களுக்குள் நுழைந்தார். பாதிரியார் வந்தால் மனம் மாற்ற வருகிறார். அதிகாரி வந்தால் வரி கேட்க வருகிறார். வியாபாரி எதற்கு வருகிறார் என்பது ஊருக்குத் தெரியும், பயமில்லை. இன்றைய காபோனில் ஓகோவே ஆற்றுப் பகுதியில் ஃபாங் மக்களிடையே அவர் தங்க முடிந்தது இதனால்தான். பெரிய பரிவாரம் இல்லாமல், ஊரார் உண்பதை உண்டு, அவர்கள் குடிசையிலேயே படுத்தார். 'ஆப்பிரிக்காவில் துணிச்சல்காரப் பெண்' என்ற படத்தைவிட இந்தக் கணக்கு வழக்கு சுவையானது.

பெண் என்பதால் வந்த சங்கடங்களை அவர் நகைச்சுவையாகவே எழுதுகிறார். போகும் இடமெல்லாம் 'உங்கள் வீட்டுக்காரர் எங்கே?' என்ற கேள்வி. கணவர் இல்லை என்றால் பேச்சு நீளும். ஆகவே, எந்தத் திசையில் போக வேண்டுமோ அந்தத் திசையில் அவரைத் தேடிப் போவதாகச் சொல்லிவிடுவதே உத்தமம் என்கிறார்! விலங்குகளுக்கு வெட்டிய குழியில் விழுந்து, அடியில் நட்டிருந்த கூரிய முளைகளிலிருந்து தடித்த பாவாடையால் தப்பிய நிகழ்ச்சி எல்லோரும் எடுத்துக்காட்டுவது. அது நல்ல பகுதிதான். ஆனால் நூலின் உயிர் அதில் இல்லை.

பலதார மணத்தைப் பற்றி அவர் எழுதியதை அதற்கு மேலாகச் சொல்லலாம். மதப் பணியாளர்கள் அதைப் பாவம் என்றனர். கிங்ஸ்லியோ வேலையைக் கணக்குப் பார்க்கிறார். பிள்ளை வளர்ப்பு, சமையல், தோட்ட வேலை, ஓடையிலிருந்து தண்ணீர், ரப்பரைப் பக்குவப்படுத்திச் சந்தைக்குச் சுமப்பது என இவ்வளவையும் ஒரே பெண்ணால் செய்ய முடியாது என்கிறார். ஆண் பயணிகள் பலர் கண்ணில் படாத ஒன்று இது. பல ஆண்டுகள் ஒரு வீட்டைத் தனியாகச் சுமந்தவரின் பார்வை.

அந்தப் பார்வை தம்முடன் வந்த ஆண்களிடம் மழுங்கிவிடுகிறது. படகோட்டிகளுக்கு அவர் இட்ட பெயர்கள் 'சாம்பல் சட்டை', 'பனியன்', 'மௌனம்'. ஃபாங் துணைவர்கள் கிவா, விக்கி, ஃபிக்கா ஆகியோருக்கு மட்டும் பெயர் கிடைக்கிறது. சதுப்பு நிலத்தில் கழுத்தளவு நீரில் நடந்து, அட்டைகள் கழுத்தைச் சுற்றிக் கடிக்க எல்லோரும் கரையேறும் காட்சியில் அவர்கள் சமமானவர்கள். அடுத்த பத்தியிலேயே வேடிக்கைப் பாத்திரங்கள்.

ஃபாங் குடிசை ஒன்றில் துர்நாற்றம் வீச, தொங்கிய பையைத் தம் தொப்பியில் கொட்டிப் பார்க்கிறார்: ஒரு மனிதக் கை, மூன்று கால் பெருவிரல்கள், நான்கு கண்கள், இரண்டு காதுகள். தின்னப்பட்டவர்களின் நினைவுப்பொருள் என்று கேலியாக முடித்துவிடுகிறார். முன்னோரின் மண்டையோடுகளை மரப்பட்டைப் பெட்டியில் வைத்துப் போற்றியவர்கள் ஃபாங் மக்கள். இறந்தவரின் உடற்பகுதிக்கு அங்கே வேறு பொருளும் இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு அந்தக் கேலி இடம் தரவில்லை. நரமாமிசக் கதை கேட்க லண்டன் வாசகர் காத்திருந்தார். அவருக்கு அது கிடைத்தது. நூலில் மன்னிக்கக் கடினமான இடம் இது.

தங்கியவரும் கடந்து போனவரும்

இன்றைய நைஜீரியாவின் கலபார் பகுதியில் மேரி ஸ்லெஸ்ஸருடன் (1848–1915) கிங்ஸ்லி சில நாள் தங்கினார். ஸ்லெஸ்ஸர் ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆலைத் தொழிலாளி. 1876இல் மதப் பணிக்கு வந்து, அம்மண்ணிலேயே இறந்தவர். இரட்டைக் குழந்தைகளைக் கேடு என்று கைவிடும் வழக்கத்தை எதிர்த்து, அக்குழந்தைகளைத் தாமே வளர்த்தார். மதப் பணியாளர்களை ஓயாமல் கிண்டல் செய்த கிங்ஸ்லி, இவரைப் பற்றி மட்டும் மரியாதையோடு எழுதுகிறார். உள்ளூர் மொழியில் பேசி, உள்ளூர்ப் பெண்களோடு வாழ்ந்த ஒருவரிடம் தமக்கில்லாத ஒன்று இருப்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

கிங்ஸ்லியின் அரசியலும் நேர்கோடாக இல்லை. 1898இல் சியரா லியோனில் விதிக்கப்பட்ட குடிசை வரியை எதிர்த்தார்; ஐரோப்பியரின் மது வணிகத்தை ஆதரித்தார். ஆப்பிரிக்கரின் சட்டமும் சமயமும் மதிக்கத்தக்கவை என்றார். அவர்கள் வேறு வகை மனிதர்கள் என்றும் நம்பினார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்றார். ஓகோவே ஆற்றில் தாம் பெற்ற சுதந்திரத்தை இங்கிலாந்துப் பெண்களுக்குக் கேட்க அவர் முன்வரவில்லை. 1900இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர்க் கைதிகளுக்குச் செவிலியாகப் பணியாற்றும்போது குடற்காய்ச்சலால் இறந்தார். அவர் விருப்பப்படி உடல் கடலில் அடக்கம் செய்யப்பட்டது.

முதற்பதிப்பு எழுநூறு பக்கங்களுக்கு மேல் நீள்வது. மாணவர்கள் முதலில் ஓகோவே, ரெம்ப்வே ஆறுகளைப் பற்றிய இயல்களைப் படிக்கலாம். சமய நம்பிக்கைகள் பற்றிய இயல்கள் கடினமானவை, அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சுருக்கப் பதிப்புகளைவிட முழு நூலே நல்லது. சுருக்கங்களில் பாவாடைக் கதை தப்பிவிடும், சந்தைக் கணக்குகள்தாம் காணாமல் போகும்.