தானாகக் கற்கும் சிறுவன்: மார்கன் ஏம்ஸின் 'தி கரிஸ்மா மெஷின்' நூலை முன்வைத்து

2005 நவம்பரில் துனிஸ் நகரில் நடந்த ஐ.நா. தகவல் சமூக மாநாட்டில், எம்.ஐ.டி. மீடியா லேபைத் தொடங்கியவர்களில் ஒருவரான நிக்கோலஸ் நெக்ரோபான்டே ஒரு சின்ன மடிக்கணினியின் மாதிரியை மேடையில் காட்டினார். பக்கத்தில் அப்போதைய ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான். பச்சை நிற உடல், ஓரத்தில் மஞ்சள் கைப்பிடி. விலை 100 டாலர்தான் என்றார்கள். மின்சாரம் இல்லாத ஊரில் கைப்பிடியைச் சுற்றினால் போதும், கணினி ஓடும். அன்னான் சுற்றிப் பார்த்தார், கைப்பிடி கையோடு வந்துவிட்டது. பிறகு உற்பத்திக்குப் போன கணினியில் அந்தக் கைப்பிடியே இல்லை. 2007-ல் உற்பத்தி தொடங்கியபோது விலையும் 180 டாலரைத் தாண்டியிருந்தது.

கைப்பிடி உடைந்ததால் கனவு உடையவில்லை. 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்ற அந்தத் திட்டத்தைப் பல நாடுகள் வாங்கின. பெரு மட்டும் 8 லட்சத்துக்கு மேல் வாங்கியது. இத்தனை பேரை நம்பவைத்தது எது? மார்கன் ஏம்ஸ் 2019-ல் எழுதிய 'தி கரிஸ்மா மெஷின்' இந்தக் கேள்வியைத்தான் துரத்துகிறது. தோற்றுப்போன ஒரு திட்டத்தைக் கேலி செய்வது ரொம்ப எளிது. ஏம்ஸ் அதைச் செய்யவில்லை. அந்தக் கணினியை உருவாக்கியவர்களின் மனசுக்குள் போய்ப் பார்க்கிறார். என்னைப்போல மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு இந்த நூல் கொஞ்சம் சங்கடமாக இருப்பது அதனால்தான்.

மாக்ஸ் வெபர் தலைவர்களைப் பற்றிப் பேசும்போது 'வசீகரம்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். ஏம்ஸ் அதை இயந்திரத்துக்குப் பொருத்துகிறார். ஒரு கருவி என்ன செய்கிறது என்பதைவிட, என்ன செய்யப்போகிறது என்ற வாக்குறுதியால் ஆட்களைத் தன் பின்னால் இழுக்குமானால் அது வசீகர இயந்திரம். வாக்குறுதி நிறைவேறாவிட்டால் குறை கருவியின்மேல் விழாது. ஆசிரியர் சரியில்லை, அரசாங்கம் சரியில்லை, இன்னும் கொஞ்சம் காலம் கொடுக்க வேண்டும் என்று போய்க்கொண்டே இருக்கும்.

இந்த வசீகரத்தின் ஊற்று சீமோர் பாப்பர்ட். ஜெனீவாவில் பியாஜேயுடன் வேலை செய்தவர், குழந்தைகளுக்கான லோகோ நிரல்மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர். 1980-ல் வந்த அவருடைய 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலின் முன்னுரையில், சின்ன வயதில் பல்சக்கரங்கள்மேல் தனக்கு இருந்த காதலைச் சொல்கிறார். சக்கரங்களை மனதில் சுழற்றிச் சுழற்றித்தான் கணிதம் தனக்கு வசப்பட்டது என்கிறார். அவருக்குப் பல்சக்கரம் செய்ததை எல்லாக் குழந்தைகளுக்கும் கணினி செய்யும் என்பது அவர் நம்பிக்கை. அழகான நம்பிக்கைதான், நானும் அதில் மயங்கியவன். ஏம்ஸ் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கிறார். எம்.ஐ.டி.யில் இந்தத் திட்டத்தைச் செய்தவர்களில் பலரும் தங்கள் பால்யத்தை இதேபோலத்தான் நினைவுகூர்கிறார்கள். பள்ளிக்கூடம் போரடித்தது, ஒரு கணினி கிடைத்தது, யாரும் சொல்லித்தரவில்லை, பிரித்துப்போட்டுத் தானே கற்றுக்கொண்டேன். ஏம்ஸ் சொல்வது இதுதான்: அவர்கள் உலகத்துக் குழந்தைகளுக்காக ஒரு கணினி செய்யவில்லை, தங்களுடைய பத்து வயது உருவத்துக்காகச் செய்தார்கள். விசைப்பலகையில் ஒரு நிரலின் மூலவரிகளைத் திறந்து காட்டுவதற்கென்றே ஒரு தனிப் பொத்தான் இருந்தது. எந்தக் குழந்தையை மனதில் வைத்திருந்தார்கள் என்பதற்கு அந்தப் பொத்தானே சாட்சி.

அந்தச் சிறுவன் நம்ம ஊர் ஐ.டி. உலகத்திலும் உண்டு. நேர்முகத் தேர்வு முடிந்து கலந்து பேசும்போது, "பையன் எல்லாத்தையும் யூடியூப் பார்த்தே கத்துக்கிட்டானாம்" என்று யாராவது சொன்னால் அது பெரிய பாராட்டு. சொல்கிறவர் பொய் சொல்லவில்லை, கேட்கிறவரும் ஏமாறவில்லை. ஆனால் அந்தக் கதையில் வராத சங்கதிகள் நிறைய. வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை இருந்ததா? ஆங்கிலம் எங்கிருந்து வந்தது? சாயங்காலம் கடைக்கோ காட்டுக்கோ போக வேண்டியிருந்ததா? தண்ணி பிடிக்கவும் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் அக்கா இருந்தாளா? அந்த அக்காவுக்கும் அதே கணினிமுன் அதே இரண்டு மணிநேரம் கிடைத்ததா? 'தானே' என்ற சொல்லுக்குள் ஒரு வீடே ஒளிந்திருக்கிறது. ஏம்ஸ் 'சிறுவன்' என்று ஆண்பாலில் அழுத்திச் சொல்வதற்கும் காரணம் இதுதான்.

நூலின் நடுப்பகுதி பராகுவே. காகுபே என்ற சிறுநகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் 'பராகுவே எதுகா' என்ற தொண்டு நிறுவனம் இந்த மடிக்கணினிகளைக் கொடுத்தது. 2009-ல் 4,000, பிறகு இன்னும் சில ஆயிரம். ஏம்ஸ் 2010-ல் அங்கே மாதக்கணக்கில் தங்கி வகுப்பறைகளையும் வீடுகளையும் பார்த்தார். இந்த இடத்தை அவர் தேர்ந்தெடுத்ததில் ஒரு நேர்மை இருக்கிறது, ஏனென்றால் இது மோசமாக நடந்த திட்டம் இல்லை. பள்ளிகளுக்குப் பயிற்சியாளர்கள் இருந்தார்கள், பழுதுபார்க்க ஆட்கள் இருந்தார்கள், இணையம் இருந்தது. இவ்வளவு இருந்தும் கணிசமான பிள்ளைகள் கணினியைத் தொடவே இல்லை. சிலருக்கு உடைந்துபோனது, சிலருக்குப் பிடிக்கவில்லை. தொட்டவர்களில் பெரும்பாலோர் பாட்டுக் கேட்டார்கள், வீடியோ பார்த்தார்கள், விளையாடினார்கள். நிரல் எழுதுவதில் இறங்கியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அந்தச் சிலருக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், அக்கறையுள்ள ஓர் அம்மாவோ ஆசிரியரோ பயிற்சியாளரோ கண்டிப்பாக இருக்கிறார். வெளிநாட்டு விருந்தினர் வரும்போது மேடையில் நிறுத்தப்படுவதும் இவர்களைத்தான். பார்த்துவிட்டுப் போகிறவர், குழந்தைகள் தானாகக் கற்கிறார்கள் என்று எழுதிவிடுவார்.

இதை ஒரு நகரத்தின் கதை என்று தள்ளிவிட முடியாது. பெருவில் 319 கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்தார்கள். இன்டர்-அமெரிக்கன் வளர்ச்சி வங்கி 2012-ல் வெளியிட்ட அறிக்கை அது. சுமார் 15 மாதங்களுக்குப் பிறகு கணிதத்திலும் மொழியிலும் எந்த முன்னேற்றமும் தெரியவில்லை. பொது அறிதிறன் சோதனைகளில் மட்டும் சிறிய ஏற்றம் இருந்தது. கணினி கைக்கு வராமல் போனதும் காரணம் இல்லை. அந்தப் பள்ளிகளில் ஒரு மாணவருக்கு ஒன்றுக்கு மேலேயே கணினி இருந்தது.

இதுவரை நான் ஏம்ஸோடு போகிறேன். விலகும் இடம் இனிமேல்தான்.

நூலை மூடி வைக்கும்போது ஒரு சலிப்பு மிஞ்சுகிறது. கருவியை நம்பிப் போகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வசீகரத்தில் சிக்கியவர்கள் என்ற எண்ணம் படிகிறது. ஏம்ஸ் பிள்ளைகளின் பாட்டையும் விளையாட்டையும் பரிவோடு பார்க்கிறார், அது சரிதான். ஆனால் ஐந்தாம் வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளைக்குக் கழித்தல் வரவில்லை என்றால், அந்தப் பரிவு அவளுக்கு எந்த வகையில் உதவும்? கற்றலை அளப்பது அவர் எடுத்துக்கொண்ட வேலை இல்லை என்று சொல்லலாம். இருந்தாலும், எந்தக் கருவி எப்போது உதவும் என்ற கேள்விக்கு நூலில் பதில் தேடுகிற வாசகருக்கு ஏமாற்றம்தான்.

பதில் வேறு இடங்களில் கிடைக்கிறது. வதோதரா நகராட்சிப் பள்ளிகளில் குஜராத் அரசு கொடுத்த கணினிகள் பெரும்பாலும் சும்மா கிடந்தன. பிரதம் அமைப்பு அவற்றில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணித விளையாட்டுகளைப் போட்டது. ஒரு கணினிக்கு இரண்டு பேர், வாரத்துக்கு இரண்டு மணிநேரம், அவ்வளவுதான். பானர்ஜி, கோல், டஃப்லோ, லிண்டன் நால்வரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி கணித மதிப்பெண் 0.47 திட்டவிலக்கம் உயர்ந்தது. சரியாக நடுவில் நிற்கும் ஒரு பிள்ளை நூற்றில் 68 பேரைத் தாண்டிவிடும் அளவு. அதே ஆய்வில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. அக்கம்பக்கத்துப் பெண் ஒருவர், பின்தங்கிய பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணிநேரம் தனியாக உட்காரவைத்துச் சொல்லித்தந்தார். அதுவும் பலன் தந்தது. ஆனால் ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தபோது இரண்டின் பலனும் பெருமளவு கரைந்திருந்தது.

டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து முரளிதரன், சிங், கானிமியன் செய்த ஆய்வு 2019-ல் வந்தது. பள்ளி விட்டபின் மையத்துக்கு வரும் 4 முதல் 9-ஆம் வகுப்பு மாணவர்கள். 45 நிமிடம் மென்பொருள், 45 நிமிடம் ஓர் உதவி ஆசிரியரோடு சிறு குழுவில். நாலரை மாதத்தில் கணிதத்தில் 0.37, இந்தியில் 0.23 திட்டவிலக்கம் ஏற்றம். எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது அவர்கள் முதலில் கண்டுபிடித்த ஒன்று. ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்னால் இருந்தது. ஆசிரியர் ஆறாம் வகுப்புப் பாடம் நடத்துகிறார், பிள்ளை மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. மைண்ட்ஸ்பார்க் செய்தது, பிள்ளை நிற்கிற இடத்தைச் சோதித்து அங்கிருந்து தொடங்கியது. இதிலும் குறை உண்டு. சேர்ந்தவர்கள் சராசரியாகச் சுமார் 58 சதவீத நாட்கள்தான் வந்தார்கள். மூணாம் வகுப்புக் கணக்கு கற்றுக்கொண்டது ஆறாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் தெரியவில்லை. தெரியவும் செய்யாது. பரீட்சை கேட்பது வேறு.

பச்சை மடிக்கணினிக்கும் இவற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். இங்கே கருவியில் வசீகரம் ஏதும் இல்லை. நேரம் குறித்திருக்கிறது, பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், பாடம் பிள்ளையின் நிலைக்கு இறங்கி வருகிறது. பிள்ளை மேதையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. இந்த மூன்றும் இருந்தால் கருவி இல்லாமலும் வேலை நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. கோவிட்டுக்குப் பிறகு, 2021 இறுதியில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தார்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு. சிங், ரொமெரோ, முரளிதரன் மூவரும் கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியின் பங்கு என்று கணக்கிடுகிறார்கள். அந்தத் தன்னார்வலர்களைப் பற்றி யாரும் டெட் மேடையில் பேசவில்லை.

டெட் மேடையில் பேசப்பட்டது வேறு. 2023-ல் சல்மான் கான் செயற்கை நுண்ணறிவு ஆசிரியரை அங்கே அறிமுகப்படுத்தியபோது, பெஞ்சமின் புளூம் 1984-ல் எழுதிய 'இரண்டு சிக்மா' கட்டுரையை எடுத்துக்காட்டினார். தனி ஆசிரியர் ஒருவர் இருந்தால் நடுத்தர மாணவர் நூற்றில் 98 பேரைத் தாண்டுவார் என்பது அந்தக் கட்டுரையின் கூற்று. அதன் அடிப்படை, புளூமின் இரண்டு ஆய்வு மாணவர்கள் செய்த சில வாரச் சோதனைகள். கர்ட் வான்லேன் 2011-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனித ஆசிரியரின் தனிக்கவனம் தரும் பலன் 0.79 என்றுதான் வந்தது. 0.79 சின்ன எண் இல்லை, யாருக்குக் கிடைத்தாலும் பெரிய விஷயம். ஆனால் மேடைக்கு 2 தான் வேண்டியிருக்கிறது. ஏம்ஸ் சொல்லும் வசீகரம் இப்படித்தான் ஒரு கருவியிலிருந்து அடுத்த கருவிக்குக் குடிபோகிறது.

செயற்கை நுண்ணறிவு ஆசிரியரை நான் கேலி செய்ய வரவில்லை. பிள்ளை எங்கே நிற்கிறது என்று சோதிக்க மைண்ட்ஸ்பார்க்கைவிட அது நன்றாகவே பயன்படலாம். ஆனால் அதன் வடிவம் என்ன? திரையில் ஒரு காலிப் பெட்டி. பிள்ளை வந்து கேள்வி கேட்க வேண்டும். தனக்கு எது புரியவில்லை என்று தெரிந்த பிள்ளைதான் கேள்வி கேட்கும். அதையும் எழுத்தில், பல நேரம் ஆங்கிலத்தில். அந்தக் காலிப் பெட்டிமுன் உட்கார்ந்திருப்பது மறுபடியும் அதே சிறுவன், தானாகக் கற்கிறவன். கழித்தல் வராத ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அங்கே என்ன தட்டச்சு செய்யும்?

கல்விச் செயலி எழுதுகிறவர்கள், வாங்குகிற அதிகாரிகள், பள்ளியில் அதை ஒப்புக்கொள்கிற பெற்றோர், இந்த மூன்று தரப்பும் படிக்க வேண்டிய நூல் இது. தமிழில் வந்தால் இன்னும் நல்லது. அடுத்த முறை ஒரு கருவியைக் காட்டி, அதைப் பிரமாதமாகப் பயன்படுத்தும் ஒரு பிள்ளையை யாராவது மேடை ஏற்றும்போது, கைதட்டிவிட்டு ஒரு கணக்கைக் கேட்கலாம். எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்தீர்கள், அதில் எத்தனை பேர் ஒரு மாதத்துக்குப் பிறகு அதைத் தொடவில்லை, அவர்கள் யார், யார் வீட்டுப் பிள்ளைகள்? இந்தப் பட்டியலைக் கொண்டுவந்து காட்டுகிற நிறுவனத்தோடு மேற்கொண்டு பேசலாம்.