தவறைப் பொறுக்கும் நெருப்பு

நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை அமெரிக்காவில் நன்றி நவிலும் நாள். அன்று வீடுதோறும் வான்கோழி வேகும். ஐந்தாறு கிலோ எடையுள்ள பறவையை ஓவனில் வாட்டினால் மூன்று மணி நேரமாவது ஆகும். அதற்குள் நெஞ்சுக்கறி வறண்டுவிடும். தொடைக்கறியோ இன்னும் வேக வேண்டும் என்று நிற்கும். இந்தச் சிக்கலுக்கு விடை தேடியே பலர் அடுப்பை வெட்டவெளிக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே அவர்கள் கையாளும் மூன்று முறைகளை எடைபோட்டுப் பார்க்கலாம்.

முதலாவது, லூசியானாவின் கேஜன் மக்களிடமிருந்து நாடெங்கும் பரவிய பொரிப்பு முறை. பெரிய பானை நிறையக் கடலை எண்ணெய் ஊற்றி, வாயு அடுப்பில் 175 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி, முழுப் பறவையையும் அதில் அமிழ்த்துகிறார்கள். காற்றைவிட எண்ணெய் மிக விரைவாகச் சூட்டைக் கடத்தும். அதனால் முக்கால் மணி நேரத்தில் வேலை முடிகிறது. தோல் மொறுமொறுவென்றும் கறி சாறு வற்றாமலும் இருக்கும். சுவையில் மற்ற இரண்டும் இதற்கு ஈடாகா.

ஆனால் பறவைக்குள் கொஞ்சம் பனிக்கட்டி மிஞ்சியிருந்தாலும் ஆபத்து. நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். பொங்கி வழியும் எண்ணெய் கீழே எரியும் சுடரைத் தொட்டதும் தீப்பற்றும். பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றினால் தீ மேலும் சீறும். உறைந்த பறவையின் பனி முழுவதும் இளக, குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்திருக்க வேண்டும். பண்டிகை அவசரத்தில் தவறுவது பெரும்பாலும் இந்தப் பொறுமைதான். அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் இவ்வகை எண்ணெய் அடுப்புகளே வேண்டாம் என்கிறது.

இரண்டாவது, குப்பைத்தொட்டி முறை. தரையில் நட்ட முளையில் பறவையைச் செருகி, புதிய தகரத் தொட்டியை அதன்மேல் கவிழ்த்து, சுற்றிலும் மேலேயும் கரியைக் கனலவிடுகிறார்கள். எண்ணெய் தேவையில்லை, செலவும் குறைவு. குறை என்னவென்றால், உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. கறியின் உட்சூடு 74 டிகிரியை எட்டியதா என்று இடையில் பார்க்கவும் வழியில்லை. தொட்டிக்குத் துத்தநாகப் பூச்சு இருந்தால் கடும் கனலில் நச்சுப்புகை எழக்கூடும். பூச்சில்லாத எஃகுத் தொட்டிதான் தகும்.

மூன்றாவது, ஹவாயின் ‘இமு’ என்னும் குழியடுப்பு. குழியில் விறகெரித்து எரிமலைக் கற்களைச் சூடேற்றி, பிளந்த வாழைத்தண்டையும் இலைகளையும் பரப்பி, வான்கோழியை வைத்து மண்ணால் மூடுகிறார்கள். இரவெல்லாம் ஈர ஆவியில் வேகும் கறி, விரல் பட்டாலே உதிரும். பல குடும்பங்களின் பறவைகள் ஒரே குழியில் வேகும். தோல் மொறுமொறுப்பாகாது என்பது இதன் குறை. நிலமும் பல கைகளும் கல் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர்களும் வேண்டும் என்பது மற்றொன்று.

சுவையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் பொரிப்பு முறையே வெல்லும். அந்த அளவுகோல் போதாது என்பதே என் வாதம். சமைப்பவர் பிசகினால் என்ன ஆகும் என்றும் கேட்க வேண்டும். இமுவில் பிசகினால் கறி குழையும். தொட்டியில் பிசகினால் அரைவேக்காடு. அதை ஓவனில் வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். எண்ணெயில் பிசகினால் உடல் வேகும், வீடும் எரியலாம். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வான்கோழி சமைப்பவரிடம் கைப்பழக்கத்தை எதிர்பார்க்க முடியாது. அவருக்குத் தேவை பிழையைப் பொறுக்கும் முறை. பொரிப்பு, அதில் தேர்ந்த கைகளிடம், வீட்டைவிட்டுத் தள்ளிய வெறுந்தரையில் இருக்கட்டும். குழிக்கு நிலமும் பல கைகளும் வேண்டும், தொட்டியிலோ உட்சூட்டைப் பார்க்க முடியாது என்பதால், மற்றவர்களுக்கு இம்மூன்றையும் விட்டு, மூடியுள்ள கரியடுப்பும் ஓர் இறைச்சி வெப்பமானியும் போதும். தோலின் மொறுமொறுப்பு சற்றுக் குறையலாம். விருந்துக்கு வந்தவர்களின் பாதுகாப்புக்கு முன் அது பெரிய இழப்பன்று.