விதியும் நட்பும்: கசுவோ இஷிகுரோவின் 'நெவர் லெட் மீ கோ' புதினத்தை முன்வைத்து

முன்னுரை

கசுவோ இஷிகுரோவின் 'நெவர் லெட் மீ கோ' என்னும் ஆங்கிலப் புதினம் 2005ஆம் ஆண்டு வெளிவந்தது. உடலுறுப்புகளைப் பெறுவதற்கென்றே குளோனிங் முறையில் உருவாக்கி வளர்க்கப்படும் மனிதர்களின் கதை இது. 1990களின் இறுதி இங்கிலாந்து இதன் களம். கேத்தி, ரூத், டாமி ஆகிய மூவரும் ஹெய்ல்ஷம் என்னும் விடுதிப் பள்ளியில் ஒன்றாக வளர்கின்றனர். தம் முடிவை அறிந்தும் அவர்கள் ஏன் தப்பியோடவில்லை என்னும் வினாவுக்குரிய விடையின் ஒரு பகுதி அவர்களது நட்பிலேயே உள்ளது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

விதி என்னும் சொல்லின் இருபொருள்

தமிழில் 'விதி' என்பது மனிதர் வகுத்த நெறிமுறையையும் ஊழையும் ஒருங்கே குறிக்கும். இப்புதினத்தில் முன்னது பின்னதாகத் தோற்றம் கொள்கிறது. உறுப்புகளை எடுப்பது 'கொடை' எனவும், அதனால் நேரும் இறப்பு 'நிறைவு' எனவும் வழங்கப்படுகின்றன. புரிந்துகொள்ளும் வயதுக்குச் சற்று முன்னரே உண்மைகள் குழந்தைகளுக்குச் சொல்லப்பட்டுவிடுவதால், அவை அதிர்ச்சியளிக்கும் செய்தியாக ஒருபோதும் வந்து சேர்வதில்லை. வளர்ந்த கேத்தி தனியே கார் ஓட்டி நாடெங்கும் செல்கிறாள். தப்பிச் செல்லும் எண்ணம் மட்டும் அவளிடம் எழுவதில்லை.

நட்பின் இருமுகம்

கேத்தி 11 ஆண்டுகளுக்கும் மேலாகப் பராமரிப்பாளராகப் பணியாற்றுபவள். தன் பொறுப்பிலுள்ள கொடையாளர்கள் கலக்கமுறுவது அரிது எனத் தொடக்கத்திலேயே பெருமிதத்துடன் கூறுகிறாள். அந்த அமைதியே அமைப்புக்கும் தேவைப்படுகிறது. கேத்தியையும் டாமியையும் பிரித்துவைத்தமைக்கு ரூத் வருந்தி, அவர்கள் 'ஒத்திவைப்பு' கோருவதற்கு வழிகாட்டுகிறாள். உண்மைக் காதலர்க்கு அது கிடைக்கும் என்பது வெறும் வதந்தி என்பதை எமிலி அம்மையார் பின்னர் தெளிவுபடுத்துகிறார். இருவரும் நாடியது விடுதலையை அன்று, சில ஆண்டுகால அவகாசத்தையே என்பது கருதத்தக்கது. திரும்பும் வழியில் டாமி இருண்ட வயலில் இறங்கி அலறுகிறான். கேத்தி அவனை இறுகத் தழுவிக்கொள்கிறாள், அலறல் அடங்குகிறது. அன்பின் உச்சமாகிய அத்தழுவலே எதிர்ப்பின் முடிவாகவும் அமைந்துவிடுகிறது.

முடிவுரை

எனவே, நட்பு ஊழை வெல்கிறது என்னும் வாசிப்பு பாதி உண்மையே. ஊழைத் தாங்கும் ஆற்றலை நட்பு தருகிறது. அவ்வாற்றலையே அமைப்பு தன் பணிக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. இதில் கேத்தியின் அன்பு பொய்யாவதில்லை. மெய்யன்பையும் கொடுமையின் கருவியாக்கும் சமூகத்தையே இஷிகுரோ குற்றக்கூண்டில் நிறுத்துகிறார். டாமியை இழந்தபின் நார்ஃபோக்கின் வேலியோரம் சிறிது நேரம் நிற்கும் கேத்தி, மீண்டும் காரில் ஏறிச் செல்லவேண்டிய இடத்திற்கே செல்கிறாள்.