இடவலம் மாறிய திருவாழி: பழைய செப்புத்தகட்டுப் படங்கள் பிரமாணமாகுமா?

எம்பெருமானுடைய திருவாயுதங்களை ஆராய்வோர் ஐரோப்பியர் அச்சிட்ட பழைய செப்புத்தகட்டுப் படங்களையும் சான்றாக எடுத்தாளும் வழக்கம் உண்டு. 1667இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த கிர்ச்சருடைய சீனநாட்டு நூல், 1672இல் பால்டேயஸ் வெளியிட்ட மலையாள, சோழமண்டலக் கரைகளின் வரலாறு, 1782இல் பாரிஸில் அச்சான சொன்னராவின் பயண நூல், 1810இல் லண்டனில் வெளிவந்த எட்வர்ட் மூரின் நூல் ஆகியவற்றில் திருமாலின் அவதாரப் படங்கள் உள்ளன. காலப் பழைமை உடையனவாதலின், ஆழி எக்கையில், சங்கு எக்கையில் என்பதற்கும் இவை பிரமாணமாகும் என்பது அவ்வழக்கத்தின் உட்கருத்து. அக்கருத்து நிலைபெறுமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

செப்புத்தகட்டில் கூரிய உளியால் கோடு கீறி, அக்கீறலில் மையை நிரப்பி, ஈரத்தாளை அதன்மேல் வைத்து அழுத்திப் படம் எடுப்பது அக்கால முறை. தகட்டில் வலப்புறம் உள்ளது தாளில் இடப்புறம் விழும். கவனமுடைய கலைஞன் மூல ஓவியத்தைக் கண்ணாடியில் நோக்கியோ, மெல்லிய தாளில் படியெடுத்துத் திருப்பி வைத்தோ கீறுவான். ஒருவர் அச்சிட்ட படத்தை மற்றொருவர் விரைந்து படியெடுக்குங்கால் இக்கவனம் தவறுவது எளிது. படத்தின் கீழுள்ள எழுத்துகள் நேராக இருப்பதால் படமும் நேரானதே என்று துணிதல் ஆகாது. எழுத்து மாறினால் படிக்க இயலாது. ஆதலின் அதனை எவரும் மாற்றியே கீறுவர். திருமேனி மாறினாலோ அந்நாட்டு வாசகனுக்கு வேற்றுமை தோன்றாது.

நமக்கு இது சிறு வழு அன்று. இருபத்துநான்கு மூர்த்திகளும் சங்கு, சக்கரம், கதை, தாமரை என்னும் நான்கும் கைகளில் அமையும் முறையாலேயே வேறுபடுகின்றனர். ரூபமண்டனம் கூறும் முறைப்படி, கேசவனுக்கு மேல் வலக்கையில் சங்கு, மேல் இடக்கையில் சக்கரம், கீழ் இடக்கையில் கதை, கீழ் வலக்கையில் தாமரை. இவ்வடிவை இடவலம் மாற்றினால் மேல் வலக்கையில் சக்கரமும், மேல் இடக்கையில் சங்கும், கீழ் இடக்கையில் தாமரையும், கீழ் வலக்கையில் கதையும் அமையும். அது மாதவனுடைய இலக்கணம். அவ்வாறே நாராயணன் மாறினால் கோவிந்தனாவான். இங்குப் பிழை தன்னைப் பிழையென்று காட்டிக்கொள்வதில்லை. இலக்கணம் வழுவாத வேறொரு மூர்த்தியாகவே தோன்றுகிறது. அத்தகைய படத்தைக் கொண்டு புதிதாக விக்கிரகம் வடித்தால், கேசவ நாமத்தால் மாதவ வடிவை ஆராதிப்பதாக முடியும்.

ஸ்வாமி தேசிகன் பன்னிரு நாமத்தில் அருளிய முறையிலோ கேசவன் நான்கு சக்கரங்களையும், நாராயணன் நான்கு சங்குகளையும், மாதவன் நான்கு கதைகளையும் ஏந்துவர். நான்கு கைகளிலும் ஒரே ஆயுதமாதலின் அங்கு இடவல மாற்றம் திருநாமத்தைத் தொடாது. ஆகவே வழுவின் கனம் நாம் எந்த முறையைப் பின்பற்றுகிறோம் என்பதையும் பொறுத்தது.

அங்ஙனமாயின், வலக்கையில் ஆழி, இடக்கையில் சங்கு என்னும் பெருவழக்கிற்கு மாறான படங்களையெல்லாம் அச்சுப்பிழை என்று திருத்திவிடலாமே எனின், அதுவும் பொருந்தாது. திருக்கோவலூரில் உலகளந்த பெருமான் வலக்கையில் சங்கும் இடக்கையில் ஆழியும் ஏந்தியே சேவை சாதிக்கிறார். அத்திருமேனியை உள்ளபடி வரைந்த படத்தைப் பெருவழக்கு நோக்கித் திருத்துபவர் திவ்யதேசத்துக்கே உரிய சிறப்பை அழித்தவராவார்.

எனவே ஆயுதங்களைக் கொண்டே ஆயுதங்களின் இடத்தைத் துணியாமல், திருமேனியின் பிற அடையாளங்களை முதலில் நோக்கவேண்டும். பூணூல் இடத்தோளினின்றும் வலப்புறம் இறங்குகிறதா? ஸ்ரீவத்ஸம் வலமார்பில் உள்ளதா? பெரிய பிராட்டியார் எம்பெருமானுக்கு வலப்புறமும் பூமிப்பிராட்டியார் இடப்புறமும் எழுந்தருளியுள்ளனரா? இவையும் ஆயுதங்களோடு சேர்ந்து மாறியிருந்தால் மாற்றம் தகட்டில் நேர்ந்தது. இவை நேராக நிற்க, ஆயுதங்கள் மட்டும் மாறியிருந்தால் அது மூலத்திலேயே உள்ளது என்று கொள்ள இடமுண்டு. இவ்வடையாளங்களுள் ஒன்றும் தெளிவாக இல்லாத படத்தைக் கைகளின் முறைக்குச் சான்றாகக் காட்டாமல் விடுவதே நேர்மை.

ஆயுதத்தின் வடிவிலும் இவ்வெச்சரிக்கை வேண்டும். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துவார்த்தே பார்போசா என்னும் போர்த்துகீசியர், வடநாட்டு வீரர் எஃகு வளையங்களை இடக்கையில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக வலக்கை விரலில் சுழற்றி எறிந்ததை எழுதியுள்ளார். அது வெளிவிளிம்பில் மட்டும் கூருடைய வளையம். திருவாழியோ நாபி, அரம், நேமி என்னும் உறுப்புகளுடையது. திருக்கண்ணபுரத்தில் அது பிரயோக சக்கரமாக, விடுதற்கு ஆயத்தமான நிலையில் உள்ளது. அதனை முகம் காட்டும் தட்டாகவோ வெறும் வளையமாகவோ வரைந்தால், அடியார் இடர் களைய எம்பெருமான் காட்டும் விரைவு என்னும் குறிப்பே மறைந்துபோம்.

இவற்றால் அப்படங்கள் பயனற்றவை என்பது கருத்தன்று. எந்த ஆண்டில், எந்த அவதாரங்கள், எவ்வகையில் அயல்நாட்டாருக்கு அறிமுகமாயின என்பதற்கு அவை நல்ல சான்றுகள். ஆயினும் திருக்கைகளின் முறைக்கு ஆகமமும் அர்ச்சாத் திருமேனியுமே பிரமாணம். அவற்றைக் கொண்டு படத்தை அளத்தல் வேண்டும். படத்தைக் கொண்டு அவற்றை அளத்தல் ஆகாது.