மதிப்பெண் குறைந்தவரிடம் எதைக் கேட்க வேண்டும்?

அமெரிக்காவில் இளநிலையில் பரந்த பொதுக்கல்வி தரும் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் பெரும்பாலும் சிறியவை. பலவற்றில் மொத்த மாணவர் தொகை இரண்டாயிரத்தை ஒட்டியே இருக்கும். வருகிற விண்ணப்பங்களை அவை மதிப்பெண் வரிசையில் அடுக்கிக் கோடு கிழிப்பதில்லை. கட்டுரை, ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், எடுத்த பாடங்களின் கடினம், குடும்பச் சூழல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவெடுக்கின்றன. பள்ளியில் சறுக்கிய மாணவருக்கு இந்த முறைதான் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது?

முதலில் நிறைகள். மெய்ன் மாநிலத்தின் போடன் கல்லூரி 1969-இலேயே, கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வின் மதிப்பெண் கட்டாயமில்லை என்று அறிவித்தது. அதே மாநிலத்தின் பேட்ஸ் கல்லூரி 1984-இல் அவ்வழியில் சேர்ந்தது. பேட்ஸில் சேர்க்கைப் பொறுப்பில் இருந்த வில்லியம் ஹிஸ், 33 கல்வி நிறுவனங்களின் ஏறத்தாழ 1,23,000 மாணவர்களை ஆராய்ந்து 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். தேர்வு மதிப்பெண்ணைக் காட்டிச் சேர்ந்தவர்களுக்கும் காட்டாமல் சேர்ந்தவர்களுக்கும் பட்டம் பெறும் விகிதத்தில் இருந்த வேறுபாடு 0.6 விழுக்காடு மட்டுமே. ஒரு நாள் தேர்வு ஒருவரின் தகுதியை முழுதாகச் சொல்லிவிடாது என்பதற்கு இது வலுவான சான்று.

ஆனால் அந்த ஆய்வின் இன்னொரு முடிவைப் பலர் கவனிப்பதில்லை. பள்ளியில் நான்கு ஆண்டுகளும் மதிப்பெண் குறைந்திருந்தவர்கள், எஸ்.ஏ.டி.யில் நன்றாகச் செய்திருந்தாலும், கல்லூரியில் பின்தங்கினார்கள். ஆக, நுழைவுத் தேர்வை ஒதுக்கிவைப்பதற்கு ஆய்வின் துணை உண்டு. பள்ளிப் படிப்பின் பலவீனத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்கு இல்லை. அத்தகைய மாணவரைச் சேர்க்கும் கல்லூரி, சேர்த்த பிறகு அவரைத் தாங்கவும் வேண்டும். கல்விச் செய்தியாளர் லோரன் போப் 1996-இல் நாற்பது சிறிய கல்லூரிகளை முன்னிறுத்தி எழுதிய நூல் வலியுறுத்தியதும் இதையே: பேராசிரியர் மாணவரைப் பெயர் சொல்லி அறிந்திருக்கும் இடத்தில் நடுத்தர மாணவரும் மேலெழ முடியும். அந்தக் கவனிப்பு இல்லையென்றால் மிஞ்சுவது பாதியில் நின்ற படிப்பும் கல்விக் கடனும்தான்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் இம்முறையின் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. ‘குணநலன்’ பார்த்துச் சேர்க்கும் வழக்கம் 1920-களில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டனில் வேரூன்றியது யூத மாணவர்களைக் கட்டுப்படுத்தத்தான் என்பதைச் சமூகவியலாளர் ஜெரோம் கராபல் விரிவாக நிறுவியிருக்கிறார். அளவுகோல் நெகிழ்ந்தால் அது ஏழைக்கும் வளையும், செல்வருக்கும் வளையும். விண்ணப்பத்தோடு மாணவரைப் பற்றி எழுதி அனுப்பும் பள்ளி ஆலோசகர் ஒருவருக்கு 250 மாணவர் என்பதே அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பள்ளிகளில் அதைவிடக் கூட்டம். அங்கே படிக்கும் ஒரு மாணவியின் மதிப்பெண் ஏன் சரிந்தது என்று எழுத ஆலோசகருக்கு நேரமில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கோ, அதே சரிவை மனம் உருகும் கட்டுரையாக்கித் தரக் கட்டண ஆலோசகர் இருக்கிறார்.

பணம் இன்னொரு வழியிலும் நுழைகிறது. பல கல்லூரிகள், உதவித்தொகை தேவையா என்பதையும் சேர்க்கையின்போது பார்க்கின்றன. 2009-இன் பொருளாதார நெருக்கடியில் ஆரிகனின் ரீட் கல்லூரி, சேர்க்க நினைத்த ஏழை மாணவர் பலரை விட்டுவிட்டு, முழுக் கட்டணம் செலுத்தக்கூடியவர்களை எடுத்தது. வெளிநாட்டு மாணவரின் பணத் தேவையைப் பாராமல் முடிவெடுக்கும் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள், ஆம்ஹர்ஸ்ட், போடன் போல, விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் இடம் கிடைப்பதோ மிகக் கடினம். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ விண்ணப்பிப்பவருக்கு மதிப்பெண் குறைவோடு உதவித்தொகைத் தேவையும் சேர்ந்தால், வாய்ப்பு மிகவும் சுருங்கிவிடும். பிள்ளைகளுக்கு நம்பிக்கை ஊட்டும் முன் பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

நியூயார்க் மாநிலத்தின் பார்டு கல்லூரி 2013-இல் வேறொரு வழியைத் திறந்தது. தொடங்கியபோது அதன் விதி இது: மதிப்பெண் பட்டியல் வேண்டாம், எஸ்.ஏ.டி. வேண்டாம்; கொடுத்த கேள்விகளில் நான்கைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் 2,500 சொற்களில் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். பேராசிரியர்கள் திருத்துவார்கள், தேறினால் இடம். வீட்டிலிருந்து எழுதுவதால் பிறர் கை படும் ஆபத்து உண்டு; பகுதிநேர வேலைக்குப் போகும் மாணவருக்கு இவ்வளவு எழுத நேரம் கிடைப்பதும் அரிது. ஆயினும் இதன் அடிப்படை நேர்மையானது. உன் துயரத்தைச் சொல் என்று கேட்காமல், இப்போது உன்னால் என்ன முடியும் என்று கேட்கிறது.

முழுமையாகப் பார்க்கும் முறையைக் கைவிடத் தேவையில்லை. அதன் எடையை இடம் மாற்ற வேண்டும். பழைய மதிப்பெண்ணுக்கு மாற்று, புதிய உழைப்பாகவே இருக்க முடியும். கல்லூரிகள் விளக்கக் கடிதத்தைவிட மாணவர் அண்மையில் எழுதியதையும், செய்து பார்த்ததையும், கடைசி ஆண்டில் எடுத்த கடினமான பாடத்தையும் நிறுத்துப் பார்க்கட்டும். மாணவர்களே, சறுக்கலுக்கான காரணத்தை நான்கு வரியில் உண்மையாகச் சொல்லிவிடுங்கள். மீதிப் பக்கங்களில் உங்கள் வேலையைக் காட்டுங்கள்.