நடித்தோம் என்றால் பொய் சொன்னோம் என்று அர்த்தமா?

கலாய்ப்பதில் ரெண்டு ரகம் உண்டு. ஒன்று, பிடிக்காத ஆளைக் கலாய்ப்பது. அதற்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. நடை, சட்டை, உச்சரிப்பு என்று கண்ணில் படுவதை எடுத்துக்கொண்டால் போதும். இன்னொன்று, பத்து வருஷமாகக் கூடவே சுற்றும் நண்பனைக் கலாய்ப்பது. அவன் எந்தக் கதையை எத்தனை முறை சொல்லியிருக்கிறான், எந்தப் பாட்டுக்கு ரகசியமாக அழுவான் என்பதெல்லாம் தெரிந்தவனால்தான் அது முடியும். 1999 டிசம்பரில் வெளியான 'கேலக்ஸி க்வெஸ்ட்' இரண்டாவது ரகம். பகடிப் படங்கள் பெரும்பாலும் ரசிகனைப் பார்த்துச் சிரிக்கும். டீன் பாரிசாட் இயக்கிய இந்தப் படம் ரசிகனோடு சேர்ந்து சிரிக்கிறது. அதனாலேயே பகடிகள் பொதுவாகத் தொடாத ஒரு கேள்வியையும் இது தொட்டுவிடுகிறது.

கலாய்க்கப்படும் நண்பன் 'ஸ்டார் ட்ரெக்'. 1966 முதல் 1969 வரை மூன்று சீசன், 79 எபிசோட் ஓடி நிறுத்தப்பட்ட தொடர் அது. நின்ற பிறகுதான் மறுஒளிபரப்புகள் வழியாக வெறித்தனமான ரசிகர் கூட்டம் சேர்ந்தது. சீருடை போட்டுக்கொண்டு மாநாடு நடத்தினார்கள். நடிகர்களுக்கு அது வாழ்வு, சாபம் இரண்டுமாக இருந்தது. ஸ்பாக்காக நடித்த லியோனார்ட் நிமாய் 1975இல் 'நான் ஸ்பாக் இல்லை' என்று தலைப்பிட்டுத் தன்வரலாறு எழுதினார். இருபது வருஷம் கழித்து 1995இல் 'நான்தான் ஸ்பாக்' என்று இன்னொன்று. கேப்டன் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர் 1986இல் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியின் ஒரு நகைச்சுவைத் துணுக்கில் ரசிகர்களைப் பார்த்து, போய் உருப்படியாக வாழ்கிற வழியைப் பாருங்கள் என்கிற தொனியில் திட்டித் தீர்த்தார். நகைச்சுவைதான், ஆனால் பலருக்கு வலித்தது.

'கேலக்ஸி க்வெஸ்ட்' படத்துக்குள் அதே பெயரில் ஒரு பழைய தொடர் இருக்கிறது. எப்போதோ நின்றுபோன அதன் நடிகர்கள், ரசிகர் மாநாடுகளிலும் கடைத் திறப்பு விழாக்களிலும் பழைய உடையை மாட்டிக்கொண்டு வயிறு வளர்க்கிறார்கள். கேப்டனாக நடித்த ஜேசன் நெஸ்மித்தாக டிம் ஆலன். வேற்றுக்கிரக விஞ்ஞானியாகத் தலையில் ரப்பர் ஒட்டிக்கொண்டு நடித்த அலெக்ஸாண்டர் டேனாக ஆலன் ரிக்மன். ஒரு காலத்தில் ஷேக்ஸ்பியர் மேடையில் ரிச்சர்ட் மூன்றாமனாகக் கைதட்டல் வாங்கியவன் டேன். இப்போது எங்கே போனாலும், ஒரு சுத்தியலின் மேல் ஆணையிட்டுப் பழிவாங்குவதாகச் சபதம் செய்யும் அந்த ஒற்றை வசனத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள். மனுஷன் நொந்து போயிருக்கிறான்.

இவர்களைத் தேடி நிஜமான வேற்றுக்கிரகவாசிகள் வருகிறார்கள். தெர்மியன்கள். பொய், புனைவு என்ற கருத்தே இல்லாத இனம். நம் தொலைக்காட்சி அலைகளைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அவை வரலாற்று ஆவணங்கள் என்றே நம்பிவிட்டார்கள். 'கில்லிகன்ஸ் ஐலேண்ட்' என்ற பழைய காமெடித் தொடரில் தீவில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிப் பேச்சு வந்ததும், ஐயோ பாவம் அந்த ஜனங்கள் என்று முகம் வாடுகிறார்கள். தங்களை அழிக்க வரும் சாரிஸ் என்ற கொடுங்கோலனிடமிருந்து காப்பாற்ற, தொடரில் வந்த விண்கலத்தை அப்படியே கட்டி வைத்துவிட்டு நடிகர்களைக் கூப்பிடுகிறார்கள்.

அப்படியே என்றால் அப்படியே. கலத்தின் நடுவில் ஒரு நடைபாதை. அதில் காரணமே இல்லாமல் இரும்புச் சுத்திகள் மோதி மோதி விலகுகின்றன. ஏன் இருக்கிறது? தொடரில் இருந்தது, அதனால் இருக்கிறது. ஏதோ ஒரு எழுத்தாளர் எபிசோடை நிரப்ப எழுதிய சோம்பேறித்தனமான காட்சியை ஒரு இனமே இரும்பில் வார்த்து வைத்திருக்கிறது. கலம் வெடிக்காமலிருக்க பொத்தானை அமுக்கிய பிறகும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், ஒன்றுக்கு வந்ததும்தான் நிற்கும். தொடரில் எப்போதும் அப்படித்தானே நிற்கும்! இதையெல்லாம் கேலி செய்ய வேண்டுமானால், அந்த மோசமான காட்சிகளையும் நூறு முறை பார்த்திருக்க வேண்டும்.

படத்தின் மையம் ஒரு சித்திரவதைக் காட்சி. சாரிஸ் அந்தத் தொடரைப் பார்த்துவிடுகிறான், அது என்ன சமாச்சாரம் என்று அவனுக்குப் புரிந்துவிடுகிறது. தெர்மியன்களின் தலைவர் மத்தேசரைக் கட்டிப்போட்டு, உண்மையை நெஸ்மித்தின் வாயாலேயே சொல்ல வைக்கிறான். பாவனை செய்தோம் என்கிறான் நெஸ்மித். மத்தேசருக்குப் புரியவில்லை. அந்தச் சொல்லே அவர் மொழியில் இல்லை. கடைசியில், பொய் சொன்னோம் என்கிறான். கலம் என்று நீங்கள் பார்த்தது இத்தனூண்டு பொம்மை. அறைகள் வெறும் ப்ளைவுட். மினுக்கியவை கிறிஸ்துமஸ் விளக்குகள். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று மத்தேசர் கேட்கும்போது என்ரிகோ கொலண்டோனியின் முகத்தைப் பாருங்கள். அதுவரை சிரிக்க வைத்த அதே அசட்டுப் புன்னகை இல்லாத முகம்.

இந்தக் காட்சியைத் தமிழில் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். நம்மிடம் 'நடிப்பு' என்ற ஒரே சொல் ரெண்டு வேலையும் பார்க்கிறது. 'சிவாஜி என்னமா நடிச்சிருக்கார்' என்று வாய் பிளக்கிறோம். அடுத்த நிமிஷமே, தலைவலி என்று படுத்திருப்பவனிடம் 'சும்மா நடிக்காதடா' என்கிறோம். ஆங்கிலத்தில் நெஸ்மித் ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. தமிழில் நின்ற இடத்திலேயே நின்றிருக்கலாம். கலையும் ஏமாற்றும் நம் மொழியில் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன.

நெஸ்மித் சொன்னது சரியா? நடிப்பு வெறும் பொய்தானா? வசனம் பேசாமல் படம் இதற்குப் பதில் சொல்கிறது. அந்த ஒப்புதல் வாக்குமூலம் முடிந்த கையோடு, நெஸ்மித்தும் டேனும் காவலர்கள் முன்னால் சண்டை போடுகிறார்கள். அது நடிப்பு; அதை வைத்துத்தான் தப்பிக்கிறார்கள். பிறகு டேனை அப்பாவைப் போல் நினைத்த க்வெல்லெக் என்ற இளைஞன் சுடப்பட்டு அவன் கையில் சாகிறான். டேன் அந்தச் சுத்தியல் வசனத்தைச் சொல்கிறான். கடைத் திறப்பு விழாவில் தள்ளுபடி விற்பனைக்காக முனகிய அதே வசனம். ஓர் எழுத்துகூட உயர்ந்துவிடவில்லை, இன்னமும் அசட்டு வசனம்தான். ஆனால் ரிக்மன் அதைச் சொல்லும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது. வசனத்தின் எடை எழுதியவனிடம் இல்லை. இத்தனை காலம் அதை நெஞ்சில் வைத்திருந்தவனிடம் இருந்தது. அதைத்தான் டேன் திருப்பிக் கொடுக்கிறான்.

மத்தேசர் என்ன செய்கிறார் தெரியுமா? சாரிஸைத் தோற்கடித்த பிறகு, கலம் ஒரு பொம்மை என்று நெஸ்மித் சொன்னதை நினைத்து விழுந்து விழுந்து சிரிக்கிறார். எதிரியை ஏமாற்ற என்ன ஒரு தந்திரம் என்று வியக்கிறார்! உண்மையைச் சொன்ன ஒரே தருணத்தையும் கதைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார். இதைவிடச் சுத்தமான ரசிக மனம் வேறெங்கே கிடைக்கும்?

பூமியிலும் ஒரு ரசிகன் இருக்கிறான், பிராண்டன். ஜஸ்டின் லாங்குக்கு இதுதான் முதல் படம். மாநாட்டில் கலத்தின் நுணுக்கங்களைப் பற்றிச் சந்தேகம் கேட்கப் போய், இதெல்லாம் நிஜமில்லை என்று நெஸ்மித்திடம் திட்டு வாங்குகிறான். ஷாட்னரின் அந்தத் துணுக்கு ஞாபகம் வராமல் போகாது. பிறகு உயிர் போகும் நேரத்தில் கலத்துக்குள் வழி தெரியாமல் நெஸ்மித் கூப்பிடுவது அவனைத்தான். பையன் பதறிப்போய், சார், எனக்குப் புரிகிறது, அது வெறும் தொடர்தான் என்று விளக்க ஆரம்பிக்கிறான். எல்லாம் நிஜம் என்கிறான் நெஸ்மித். எனக்குத் தெரியும் என்று கத்துகிறான் பிராண்டன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. 1979இல் 'ஏலியன்' படத்தின் ரிப்ளியாக வந்து அறிவியல் புனைவில் பெண்ணின் இடத்தையே மாற்றியவர் சிகோர்னி வீவர். இங்கே அவருடைய பாத்திரத்தின் வேலை, கணினி சொல்வதைத் திருப்பிச் சொல்வது. அந்த அபத்தத்தை அவர் அபாரமாகக் கிண்டல் செய்கிறார். ஆனால் படம் போகப் போக அவர் சீருடையின் ஜிப் இறங்கிக்கொண்டே போகிறது. பழைய தொடர்களின் கண்ணைக் கேலி செய்துகொண்டே அதே கண்ணால் பார்ப்பது கொஞ்சம் சௌகரியமான கலாய்ப்புதான்.

இருந்தாலும் கலாய்க்கப்பட்டவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. அறிவியல் புனைவு ரசிகர்கள் வாக்களித்துத் தரும் ஹியூகோ விருது 2000இல் இந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது. தோற்ற படங்களில் 'தி மேட்ரிக்ஸ்' ஒன்று. 2013இல் லாஸ் வேகஸில் கூடிய ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் எல்லா ஸ்டார் ட்ரெக் படங்களையும் வரிசைப்படுத்தியபோது, ஸ்டார் ட்ரெக்கே இல்லாத இதற்கு ஏழாவது இடம் கொடுத்தார்கள்.

ஸ்டார் ட்ரெக் ஒரு எபிசோடுகூடப் பார்த்ததில்லை என்றாலும் பரவாயில்லை, தாராளமாகப் பார்க்கலாம். ஏதாவது ஒரு தொடருக்காகவோ, நாவலுக்காகவோ, நடிகருக்காகவோ 'இதுக்கெல்லாமா இப்படி உருகுவே?' என்று யாரிடமாவது திட்டு வாங்கியிருந்தால் போதும். பிராண்டன் போனை எடுக்கும் காட்சி வரும்போது உங்களுக்கே புரியும்.